அவசரப்பட்ட நிலா

சுங்கத்தில் நிலாவைத் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வெடிக்காது என்று தெரிந்த பிறகே உள்ளே விட்டார்கள். “என்ன இது?” என்று சைகையில் கேட்ட அதிகாரியிடம் அக்கா, “நிலா. பழசுதான், வரி போட்டுடாதீங்க” என்று சொன்னதும், அவருக்குத் தமிழ் தெரியாததால் குடும்பம் பிழைத்ததும் முந்தாநாளோடு முடிந்துபோன சங்கதி.

இப்போது மூன்று பேரும் ஓர் அந்நிய அரங்கத்தின் மேடையில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். வெளியே பட்டப்பகல். அவர்கள் உடம்புக்கு மட்டும் நடுநிசி. விமானம் ஆளைத்தான் கொண்டுவந்து இறக்குகிறது. தூக்கம் பின்னால் கப்பலில் வருகிறது.

நாடகக் குழு என்று சுவரொட்டியில் போட்டிருந்தாலும் எண்ணிப் பார்த்தால் ஒரு குடும்பம்தான். அக்கா குழுவை நடத்துகிறவர். நாடகம் எழுதுவது, திட்டுவது, திரையை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய தம்பி மேடைக்கு வெளிச்சம் போடுகிறவர். எல்லோரும் அவரை நிலாக்காரர் என்றே கூப்பிடுவார்கள். தம்பியின் மனைவி நடிகை. குழுவில் நடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது மற்ற இருவரும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம்.

நிலாக்காரர் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. அவர் செய்த நிலா, மெல்லிய பின்திரைக்கு அப்பால் ஒரு கம்பியில் ஏறி, மெல்ல வளைந்து, மறுபக்கம் இறங்கும். உள்ளே ஒரு பல்பு. ஓட்டுவதற்கு ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு பெரிய சக்கரம். அவ்வளவுதான்.

ஆனால் ஓர் ஊரில் அதைப் பார்த்துவிட்டு, அரங்கத்துக்குப் பின்னால் இருந்த குளத்துத் தவளைகள் மொத்தமாகக் கத்தத் தொடங்கி, கடைசிக் காட்சி ஒருவர் காதிலும் விழவில்லை. இன்னோர் ஊரில் அமாவாசையன்று நாடகம் நடந்தபோது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பால்காரர், நாள்காட்டியை அவசரப்பட்டுக் கிழித்துவிட்டோம் என்று எண்ணிக் கிழித்த தாள்களைப் பசை தடவித் திரும்ப ஒட்டினார். கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இதில் இல்லை.

“ஏண்டா தம்பி, இந்த நாட்டுக் கரண்டுக்குச் சோகை பிடிச்சிருக்கா?”

அக்கா இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார்.

“சுகமா இருக்கு. முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கலாம். உடுப்பு மடிப்பு மட்டும் நிமிராது.”

“எதுல சொருகினே?”

“இந்த அடாப்டர்லதான். உலகத்துல எந்தச் சுவருக்கும் பொருந்தும்னு கடைக்காரன் சொன்னானே.”

அக்காவிடம் ஒரு துணிப்பை நிறைய அடாப்டர்கள் இருந்தன. உருண்டைக் கால், தட்டைக் கால், சாய்ந்த கால், ஒல்லிக் கால் என்று அத்தனை தேசத்துக் கால்களும் அதில் இருந்தன. பையைக் குலுக்கினால் ஒரு மாநாடு கலைவது போலச் சத்தம் வரும்.

“அக்கா, அடாப்டர் வாயைத்தான் மாத்தும். சாப்பாட்டை மாத்தாது. நம்ம வீட்டுச் சுவர்ல இருநூத்தி முப்பது வோல்ட் வரும். இங்கே நூத்தி இருபதுதான். பாதிச் சோறு போட்டா இஸ்திரிப் பெட்டி கால்வாசி வேலைதான் செய்யும்.”

“பாதிச் சோத்துக்குப் பாதி வேலைதானே? கால் எங்கேர்ந்து வந்தது?”

மேடையின் மறுகோடியில், பொட்டலம் போலச் சுருண்டு படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமல் சொன்னாள். “உங்க தம்பி பழக்கின பெட்டி இல்லையா அண்ணி. சோத்துக்கும் வேலைக்கும் கணக்கு ஒத்து வராது.”

நிலாக்காரர் அதைக் கேட்காதது போல இருந்தார். அவளும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் அக்கா வழியாகத்தான். அக்கா ஒரு நாள் சளி பிடித்துப் படுத்தபோது வீட்டில் பேச்சே நின்றுபோனது.

“அப்ப அந்தப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர்ல சொருகிக்கட்டுமா?” என்றார் அக்கா. “அது பாதியை முழுசாக்கும்னியே.”

“ஆக்கும். ஆனா இஸ்திரிப் பெட்டி பெருந்தீனி. அது சாப்பிட்டா நிலாவுக்கு மிஞ்சாது.”

அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை அவரே கம்பி சுற்றிச் செய்திருந்தார். அதைத் தூக்கியவர்கள் எல்லாரும் கொஞ்சம் குட்டையானார்கள். அக்கா முன்பே குட்டை என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். உடுப்பை நாலாக மடித்து ஒரு நாற்காலியில் பரப்பினார். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“சாயங்காலம் வரைக்கும் என்னை யாரும் எழுப்பாதீங்க. உடுப்பு தேய்ஞ்சுக்கிட்டு இருக்கு.”

வாசலில் கார் சத்தம் கேட்டது. அவர்களை நாடகம் போட அழைத்த தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், நிலாக்காரரின் மனைவியைக் கூட்டிப்போக வந்திருந்தார். இந்த ஊர் நாடகப் பள்ளியின் தலைவி அவளை வரச்சொல்லியிருந்தாள். எங்கேயோ ஒரு பதிவில் அவள் நடிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் இங்கேயே தங்கி மாணவர்களுக்கு மேடையில் மூச்சு விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க முடியுமா என்று இரண்டு வாரத்துக்கு முன்பே கடிதத்தில் கேட்டிருந்தாள்.

“மூச்சு விடத் தெரியாமலா இத்தனை வருஷமா இந்த ஊர்க்காரங்க உயிரோட இருக்காங்க?” என்று அக்கா அன்றைக்கே கேட்டார். சிரிப்பதற்காகத்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

மனைவி எழுந்து தலையை வாரிக்கொண்டாள்.

“பள்ளிக்குப் போறேன்னு உங்க தம்பிகிட்டச் சொல்லுங்க அண்ணி.”

“டேய், பள்ளிக்குப் போறாளாம்.”

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சாம்மா.”

“இன்னிக்கு அவங்களுக்குப் பதில் சொல்லணும். ஒரு வருஷம். தங்கறதா, திரும்பி வர்றதா. என்ன சொல்லட்டும்னு கேளுங்க.”

அக்கா தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

நிலாக்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“அவ இஷ்டம்” என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது.

உன் இஷ்டம். அவர் வாயில் அது தாராளம். அவள் காதில் அது தாழ்ப்பாள். வீட்டுக்கு என்ன சாயம் அடிக்கலாம் என்றால் உன் இஷ்டம். மூக்குத்தி எந்தப் பக்கம் குத்திக்கொள்ளலாம் என்றால் உன் இஷ்டம். கல்யாணம் பேசிய அன்றைக்கு, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதுகூட, ‘அவங்க இஷ்டம்’ என்றுதான் சொன்னாராம். பெரியவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு தேதி குறித்துவிட்டார்கள்.

பள்ளிக்குப் போகாதே என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் நல்ல வாய்ப்பு வந்தவள் காலைப் பிடித்து இழுத்தவன் என்ற பேர் எதற்கு? போ என்று சொன்னால் வீடு இருண்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ‘உன் இஷ்டம்’ என்று ஒரு பாய் விரித்து, பல வருஷமாக அதில்தான் அவர் படுத்திருக்கிறார்.

“அவ போயிட்டா நாடகத்தை யாருடா ஆடறது?” என்றார் அக்கா, நாற்காலியிலிருந்து அசையாமல்.

“நீதான்.”

“நான் மொட்டைமாடியில நின்னு நிலாவைப் பார்த்துப் பேசினா, நிலா இறங்கி ஓடிடும்.”

நிலாக்காரர் வேலையில் இறங்கினார். மேடைக்குப் பின்னால் சுவரில் வரிசையாக சாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கீற்றுக் கண்கள், கீழே வட்டமாக ஒரு வாய். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகங்கள். அவற்றில் ஒன்றின் முகத்தில் அடாப்டரை வைத்து அழுத்தினார். அடாப்டரில் ட்ரான்ஸ்ஃபார்மர், ட்ரான்ஸ்ஃபார்மரில் மோட்டாருக்கு ஒரு வயர், பல்புக்கு ஒரு வயர்.

சுவிட்சைப் போட்டதும் ட்ரான்ஸ்ஃபார்மர் முனகியது. வீட்டில் அது வண்டு முனகுவது போல முனகும். இங்கே கொஞ்சம் மேலே, தேனீ போலக் கேட்டது. ஊர் புதுசு, கூச்சத்தில் குரல் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது. கச்சிதம்.

நிலா ஏறியது. மரப்பலகையில் வெட்டிச் செய்த தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வெறும் வானத்தில் மிதந்து, உச்சிக்குப் போய், மறுபக்கம் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கியது. ஆளில்லாத நாற்காலிகள் மேல் பால் கொட்டியது போல வெளிச்சம். பார்த்துக்கொண்டே அவர் சுவரோரமாகச் சாய்ந்தார். கப்பலில் வந்துகொண்டிருந்த தூக்கம் அந்த நிமிஷம் கரை சேர்ந்தது.

கனவில் சுவரெல்லாம் சாக்கெட்டுகள் அவரைப் பார்த்தன. “உன் பெண்டாட்டி எங்கே?” என்று முதல் சாக்கெட் கேட்டது. அவர் ஏதோ சொன்னார். “சரியாக் கேக்கலை” என்றது அடுத்தது. திரும்பச் சொன்னார். “உன் கால் எங்க வாயில பொருந்தலை” என்றது மூன்றாவது. அவர் குனிந்து பார்த்தால், தன் காலுக்குப் பதில் மூன்று பித்தளைக் குச்சிகள். அக்காவின் துணிப்பையைத் தேடிக்கொண்டே நீண்ட நடைபாதையில் டக் டக் என்று நடந்தார். நடை முடியவே இல்லை.

“டேய், எழுந்திரு. ஜனங்க வந்தாச்சு.”

அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் உடுப்பு. மடிப்பு ஒன்றுகூட இல்லை. இந்த விஷயத்தில் அக்காவின் மேல் எந்த நாட்டு மின்சாரமும் குற்றம் சொல்ல முடியாது.

மனைவி திரும்பி வந்து முகப்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். பள்ளியில் என்ன நடந்தது என்று அவள் முகத்தில் படிக்கலாம் என்று நிலாக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குள் அந்த முகத்தின் மேல் வேறொரு முகம் வந்துவிட்டிருந்தது.

திரை ஏறியது.

அரங்கம் நிறையத் தமிழ்க் குடும்பங்கள். மூன்றாவது வரிசையில் நெட்டையாக, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பள்ளித் தலைவி. அவள் பக்கத்தில் செயலாளர், காதோரமாக மொழிபெயர்த்துச் சொல்லத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாடகத்தின் உயிர் கடைசிக் காட்சிதான். கடலுக்குப் போன கணவனிடம் சொல்ல முடியாததை எல்லாம் ஒருத்தி மொட்டைமாடியில் நின்று நிலாவிடம் சொல்கிறாள். நிலா இறங்கும்போது, “சரி, நீ போ. நான் கீழே இறங்கறேன்” என்று முடிக்கிறாள்.

இந்தக் குழுவில் வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. எடுத்துக்கொடுப்பது நிலாதான். ‘கப்பல்’ என்று அவள் சொல்லும்போது நிலா தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட வேண்டும். ‘உப்பு’ என்னும்போது உச்சி. ‘கதவு’ என்னும்போது புகைபோக்கியைத் தொட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சொல்கூட முன்பின் ஆனதில்லை. அவள் பேச்சின் பின்னாலேயே என் நிலா ஒரு நாய்க்குட்டி மாதிரிப் போகும் என்று நிலாக்காரர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

நிலா எழுந்தது. கூட்டம் ‘ம்’ என்றது. அவள் பேசத் தொடங்கினாள்.

அவள் இன்னும் கரையோரம் நடந்துகொண்டிருந்தாள். கப்பல் வரவில்லை. நிலா தொட்டியைத் தாண்டிவிட்டது.

தூக்கக் கலக்கத்தில் இவள்தான் மெதுவாகப் பேசுகிறாள் என்று அவர் முதலில் நினைத்தார். பிறகு அவள் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டார். நிலா எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். உடனே வேகம் எடுத்தாள். இரண்டு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னாள். கப்பலைப் பிடித்தாள். அதற்குள் நிலா இன்னும் மேலே போய்விட்டது. மறுபடி ஓடினாள். மூச்சு விடக் கற்றுக்கொடுக்க அழைக்கப்பட்டவளுக்கு, அழைத்தவள் கண்முன்னாலேயே மூச்சு வாங்கியது.

இருட்டில் அக்கா குனிந்தபடி ஓடி வந்தார்.

“நிலாவுக்கு என்னடா அவசரம்? வீட்ல அடுப்புல ஏதாவது வெச்சிட்டு வந்திருக்கா?”

“தெரியலைக்கா. வோல்ட் சரியா இருக்கு.”

அவர் மோட்டாரில் காதை வைத்தார். மத்தியானம் கேட்ட அதே ஏறின குரல். மோட்டாரின் மேல் பட்டையாக ஒரு தகடு. செய்தவர்கள் விவரமெல்லாம் பொறித்து ஒட்டியது. மேடையில் எதுவும் மினுங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆணித்தலைக்குக்கூடக் கறுப்பு அடிப்பவர். அந்தத் தகடும் எப்போதோ கறுப்பு வாங்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஐம்பது எட்டிப் பார்த்தது.

“ஐயோ.”

“என்னடா?”

“இங்கே கரண்ட் வினாடிக்கு அறுபது தடவை துடிக்குது. நம்ம ஊர்ல ஐம்பது. இந்த மோட்டார் அந்தத் துடிப்புக்குத்தான் காலெடுத்து வைக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏத்தும், துடிப்பைத் தொடாது. அஞ்சு சுத்து சுத்த வேண்டிய இடத்துல ஆறு சுத்துது.”

“இதை மத்தியானமே பார்க்கிறதுக்கென்ன?”

“அதுக்குத்தான் நானே கறுப்படிச்சு வெச்சிருக்கேனே.”

அக்கா மேடையைப் பார்த்தார்.

நிலாக்காரரும் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு கண்ணை நிலாவின் மேல் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாய்க்குட்டி மாதிரிப் பின்னால் போனது நிலா அல்ல. கல்யாணமான புதிதில் அவள் மூச்சை அளந்து அவர் அந்தச் சக்கரத்தைச் செய்தார். அதற்குப் பிறகு அவள் மூச்சு மாறியிருக்கிறது, சில வரிகளில் அவளுக்கு நிற்கத் தோன்றியிருக்கிறது, சிலவற்றை மெல்லச் சொல்லத் தோன்றியிருக்கிறது. நிலா மாறவில்லை. அவள்தான் இத்தனை வருஷமும் அதன் காலுக்குத் தன் காலைப் போட்டு ஓடிவந்திருக்கிறாள். வீட்டில் ஐந்தாக ஓடினாள், இங்கே ஆறாக ஓடுகிறாள். ஓட்டம் என்னவோ ஓட்டம்தான்.

அவர் மோட்டாரின் பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

நிலா உச்சிக்குச் சற்று முன்னால் நின்றது. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவளும் பாதிச் சொல்லில் நின்றாள்.

அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். குளிர்ந்த இரும்பு. இதை அவர் கையால் சுற்றியதே இல்லை. காதைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நீளமான மூச்சு. பிறகு, விட்ட சொல்லின் மீதிப் பாதி.

அவர் ஒரு விரற்கடை சுற்றினார்.

அவள் அடுத்த வரியைச் சொன்னாள். நிலா அடுத்த விரற்கடை போனது. அவள் வேண்டுமென்றே நிறுத்தினாள். நிலாவும் நின்றது. ஒரு சொல்லை இழுத்து, பஞ்சு போலப் பிரித்து விட்டாள். நிலா பஞ்சு போல மிதந்தது. பிறகு அவள் நிலாவைப் பார்க்கவே இல்லை. முதல் தடவையாகக் கூட்டத்தைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள், இல்லாத கடலைப் பார்த்தாள்.

‘உப்பு’ என்ற சொல்லை அவள் சொன்னபோது அதற்குள் ஒரு கடல் முழுக்கக் கிடந்தது. இத்தனை நாள் அதைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

செயலாளர் மொழிபெயர்ப்பதை மறந்துவிட்டார். பள்ளித் தலைவி அவரைக் கேட்கவும் இல்லை. முன்வரிசையில் எல்லோர் கைக்கடிகாரமும் அந்த நேரத்தில் நின்றுபோனதாகச் செயலாளர் பிற்பாடு சத்தியம் செய்தார். அவர் கடிகாரம் முன்பே ஓடாதது என்பது வேறு விஷயம்.

நிலா உச்சி தாண்டி மறுபக்கம் சரியத் தொடங்கியது. இறக்கத்தில் அதன் கனம் சக்கரத்தை முன்னால் இழுத்தது. அவர் இழுத்துப் பிடித்து, பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ‘கதவு’ வந்தது. நிலா புகைபோக்கியைத் தொட்டது. இனி ஒரே வரி. சரி, நீ போ. நான் கீழே இறங்கறேன்.

அவள் அதைச் சொல்லவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் நிலாவைப் பார்த்து.

எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் திரைக்கயிற்றைப் பிடித்திருந்த அக்காவின் வாய் திறந்தது. இப்படி ஒரு வரியை அவர் எழுதவில்லை.

“எங்க வீட்டுக்காரர்கிட்ட எதைக் கேட்டாலும் உன் இஷ்டம்னு சொல்வாரு.”

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, ஆண்கள் பக்கம் வந்ததும் காணாமல் போனது.

“நீயும் அவர் மாதிரிதான். தினமும் வர்றே, தினமும் போறே. ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னிக்குச் சொல்லு. நான் வேணும்னா மேலே ஏறு. வேண்டாம்னா மறைஞ்சுடு. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதே. என் இஷ்டம் எனக்குத் தெரியும். உன் இஷ்டம்தான் இத்தனை வருஷமாத் தெரியலை.”

பின்திரையின் பின்னால் நிலாக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, நாக்குக்கு அங்கே வேலை இல்லை. சக்கரம் முன்னால் இழுத்தது. விட்டால் போதும், நாடகம் எழுதினபடி முடியும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நிலா புகைபோக்கியின் விளிம்பில், மாட்டிக்கொண்ட காற்றாடி போல நடுங்கியது.

பிறகு அவர் காலை ஊன்றி, முதுகை வளைத்து, சக்கரத்தைப் பின்னால் இழுத்தார்.

நிலா மேலே ஏறியது.

மறைகிற திசையிலிருந்து ஒரு நிலா திரும்பி உதிப்பதை எந்தப் பஞ்சாங்கமும் எழுதியதில்லை. கூட்டம் எழுந்து நின்றது. அவர் இன்னும் இழுத்தார். புகைபோக்கியை விட்டு, வெறும் வானத்துக்கு, இன்னும் மேலே. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அவள் முகத்தின்மேல் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்ததை மட்டும் திரை வழியாக, ஒரு புகைப்படம் போல, அவர் பார்த்தார்.

அக்கா கயிற்றை விட்டார். முன்திரை விழுந்தது. அவர் மூக்கை உறிஞ்சுவது கைதட்டலுக்கு மேலே கேட்டது.

மனைவி பின்னால் வந்தாள். நேராக அவரிடமே வந்தாள். அக்காவைக் கூப்பிடவில்லை.

“மேலே வந்துச்சே” என்றாள்.

“ம்.”

“கை வலிக்குதா?”

“வலிக்குது.” பிறகு, அது போதாது என்று தோன்றி, “போகாதே” என்றார். சொன்ன பிறகு, யாரோ சொன்னது போலத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சிரித்தாள். முகப்பூச்சு கண்ணோரத்தில் கோடு கோடாகப் பிளந்தது.

“மத்தியானமே அவங்ககிட்ட பதில் சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“நீங்கதானே சொன்னீங்க, என் இஷ்டம்னு.”

“அதை விடு. என்னன்னு சொன்னே?”

“வாம்மா, ஜனங்க கூப்பிடறாங்க” என்று அக்கா மேடையிலிருந்து கத்தினார். திரை மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

நிலாக்காரர் சக்கரத்தோடு நின்றார். கையை எடுத்தால் நிலா விழும். எடுக்காவிட்டால் அவளிடம் போக முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மேடைக்கு முன்பக்கம் போனதில்லை. இருட்டில் நிற்பவருக்கு வெளிச்சம் எதற்கு என்பார்.

கையை எடுத்தார்.

பின்னால் நிலா கம்பியில் சர்ரென்று இறங்கி, புகைபோக்கியை இடித்துத் தள்ளி, டமாரென்று விழுந்து அணைந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குள் கறுப்புச் சட்டையும் கிரீஸ் கையுமாக ஒரு மனிதர் மேடை நடுவுக்கு வந்து, கும்பிட்டுக்கொண்டிருந்த நடிகையின் முழங்கையைத் தொட்டார்.

“என்ன பதில் சொன்னே?” என்றார். அரங்கம் முழுவதும் கேட்கும்படியாக.

நாடகம் இன்னும் முடியவில்லை என்று எண்ணிக் கூட்டம் சட்டென்று உட்கார்ந்தது. கைதட்டல் வரிசை வரிசையாக அடங்கியது. செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டார். அக்கா கயிற்றைப் பிடித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அறிந்தவர் அந்த அரங்கத்தில் இன்னொருத்திதான். மத்தியானமே அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் இருந்த அந்த நெட்டைப் பள்ளித் தலைவி, கேட்கப்பட்டது என்னவென்றே தெரியாமல், தனியாகக் கைதட்டிக்கொண்டே இருந்தாள்.